ஒன்பது டிகிரி

மார்ச் 4, செவ்வாய்

மச்சினன் இன்று கையில் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தான். வழக்கமாக வெறுங்கையை வீசிக்கொண்டு வருவான், ஆர்டர் சீட்டை ஆணியில் குத்துவான், வெந்த கோழியில் ஒரு இறக்கையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு போய்விடுவான். பதினொரு வருடமாக இதுதான் எங்கள் கூட்டுத்தொழில். ஓவன் என் பக்கம், ஆள் பிடிப்பது அவன் பக்கம்.

பெட்டிக்குள் கறித் தெர்மாமீட்டர். வயர் கிடையாது. விரல் நீளத்துக்கு ஒரு ஊசி, அது படுத்துக்கொள்ள ஒரு மர டப்பா. கூர்முனை கறிக்குள் போகும், தடித்த முனை வெளியே நிற்கும். ஊசி டப்பாவோடு பேசும், டப்பா வைஃபையோடு பேசும், வைஃபை என் போனோடு பேசும். ஓவன் கதவைத் திறக்காமலே உள்ளே கோழி எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

கறி வெட்டும் அம்மாவுக்குச் சிரிப்பு. தொடையை ஆட்டிப் பார்த்தே வெந்துவிட்டதா என்று சொல்கிற மனுஷனுக்கு ஊசி எதற்கு என்றார். மச்சினன் அதைக் காதில் வாங்கவில்லை. என் போனை வாங்கி ஆப்பைப் போட்டான், டப்பாவை இணைத்தான். கணக்கைத் தன் பெயரிலேயே திறந்தான். நான் எப்படியும் பாஸ்வேர்டை மறந்துவிட்டு அவனைத்தான் கூப்பிடுவேனாம். அது உண்மைதான்.

எனக்கு யாரும் எதுவும் வாங்கிக் கொடுத்து நாளாகிவிட்டது. சந்தோஷமாக இருந்தது. எழுதி வைக்கிறேன்.

மார்ச் 6, வியாழன்

பன்னிரண்டு கோழியில் நடுக்கோழிக்கு ஊசி. தொடையை ஆட்டினேன், மூட்டு கழன்று கொடுத்தது. போனைப் பார்த்தேன், 74. நாலு கோழியில் பார்த்தாயிற்று. என் கை சொல்வதும் ஊசி சொல்வதும் ஒன்றே. அந்த அம்மாவிடம் போனைக் காட்டினேன். "அப்போ உங்க கை நல்ல கைதான்"னு பட்டம் கொடுத்தார்.

மார்ச் 12, புதன்

ஒரு வாரப் பழக்கத்தில் தெரிந்துகொண்டவை. தொடையின் தடித்த இடத்தில் குத்த வேண்டும். எலும்பில் பட்டால் எண் பொய்யாகக் குதிக்கும். ஊசியில் ஒரு கோடு இருக்கிறது, அது கறிக்குள் மறையும்வரை இறக்க வேண்டும். கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் கூர்முனை, கறியின் சூட்டை மட்டும்தான் தாங்கும். ஓவன் சூடு நேராகப் பட்டால் போச்சு. தடித்த முனைதான் ஓவனைத் தாங்குவது, அதிலேயே ஓவன் சூட்டைக் காட்டும் இன்னொரு எண்ணும் இருக்கிறது.

சுடச்சுடத் தண்ணீரில் போடக் கூடாது. ஆறவிட்டு, சோப்பு நுரையில் மெதுவாகத் தேய்த்து, துடைத்து, காயவைத்துத்தான் டப்பாவில் படுக்க வைக்க வேண்டும். பின்முனையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சார்ஜ் ஏறாது; அதை ஒரு ஈரத் துணியால் எடுக்கிறேன். டப்பாவில் தண்ணீரே படக் கூடாது. பச்சைக் கோழியில் குத்தியதைக் கழுவாமல் வெந்ததில் குத்தக் கூடாது. இது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வீட்டில் குழந்தை வளர்த்தபோதுகூட இவ்வளவு கவனம் இல்லை என்கிறாள் மனைவி.

மார்ச் 19, புதன்

கெடுத்துவிட்டேன்.

ஒரு வீட்டு ஆர்டருக்குச் சின்னச் சின்னக் கோழிகள், கையளவுதான். ஊசியைக் குத்தினேன், பாதிக்கு மேல் இறங்கவில்லை, கோடு வெளியே. பக்கவாட்டில் சாய்த்துக் குத்திக்கொள்ளலாம் என்று நினைக்கும்போதே வாசலில் கேஸ் சிலிண்டர் வண்டி. போய்விட்டேன். போகிற அவசரத்தில் அப்படியே ஓவன் கதவைச் சாத்தியது நான்தான். முழுச் சூடு. நாற்பது நிமிடம்.

மார்ச் 20, வியாழன்

இன்று ஊசியை நம்பி 74-க்குக் காத்திருந்தால் கோழி விறகாகியிருக்கும். கை ஆட்டியது, தொடை கழன்றது, போனில் 65.

பரிசோதனை செய்தேன். ஒரு பாத்திரம் நிறைய நொறுக்கிய ஐஸ், கொஞ்சம் தண்ணீர், ஊசியைப் பாத்திரத்தில் படாமல் நடுவில் பிடித்துக் கலக்கினால் பூஜ்யம் காட்ட வேண்டும். மைனஸ் ஒன்பது. கொதிக்கிற தண்ணீரில் 100 காட்ட வேண்டும். 91. மூன்று தடவை பார்த்தேன். ஒன்பதுக்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பொய் சொன்னாலும் ஒரே பொய்யைத்தான் சொல்கிறது.

மச்சினனிடம் சொல்வதா? ஆசையாக வாங்கிக் கொடுத்தான், பதினைந்து நாளில் வறுத்து வைத்திருக்கிறேன். எந்த முகத்தோடு சொல்வது. ஆப்பில், கோழியை எடுக்க வேண்டிய சூட்டை 65 என்று மாற்றினேன். 65 வந்ததும் மணி அடிக்கும், உண்மையில் அது 74. வேலை நடக்கிறது. வீட்டிலும் சொல்லவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஒன்பதைக் கூட்டுவது பழகிவிட்டது.

மே 14, புதன்

மச்சினன் இன்று ஒரு மண்டபக்காரரைக் கூட்டிவந்தான். வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன். ஓவனைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. கோழி தின்றார். கறி இவ்வளவு மெத்தென்று எப்படி வருகிறது என்று அவனைக் கேட்டார்.

அவர் போன பிறகு மச்சினன் என் பக்கம் வந்து நின்றான். "மாமா, முதல்ல 74 வெச்சிருந்தீங்க. இப்போ 65லயே எடுத்துடறீங்க. என்ன விஷயம்?"

பயந்துவிட்டேன். ஊசி கெட்டது தெரிந்துவிட்டதோ என்று. என் வாய் சும்மா இருந்திருக்கலாம். "அது ஒரு கைப்பக்குவம், மாப்ள" என்றேன். அவன் ரொம்ப மரியாதையாகத் தலையாட்டினான். என் போனில் இருக்கும் எண் அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவே இல்லை. இத்தனை அக்கறையாகப் பார்க்கிறானே என்று பெருமையாக வேறு இருந்தது.

ஜூன் 10, செவ்வாய்

எழுதப் பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் ஓவன் முன்னால் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணெய்க் கை. விரல் வழுக்கி, சூட்டின் கோடு ஏறுகிற படம் மேலே போய்விட்டது. அதற்குக் கீழேயும் ஒரு பக்கம் இருப்பது இத்தனை நாள் எனக்குத் தெரியாது. 'குறிப்புகள்' என்று தலைப்பு. யாரோ எழுதியிருக்கிறார்கள். நான் எழுதவில்லை.

முதலில் கம்பெனிக்காரன் கொடுத்த சமையல் யோசனை என்றுதான் நினைத்தேன். படித்தேன். பார்த்து எழுதுகிறேன், அப்படியே:

"முதல் அரை மணி முழுச் சூடு. பிறகு பாதி. கதவை ஒரே தடவை திறக்கிறார்."

"ஒரு கோழிக்கு ஒன்றரை ஸ்பூன் உப்பு. முந்தின நாளே."

"இரண்டு வாரம் 74-ல் எடுத்தார். மார்ச் 20-லிருந்து 65. எல்லாரும் 74 என்கிறார்கள், இவர் மட்டும் 65. கேட்டேன், கைப்பக்குவம் என்றார். இதுதான் ரகசியம். முக்கியம்."

மூன்று மாதம். நான் வைத்த ஒவ்வொரு கோழிக்கும் கீழே ஒரு குறிப்பு. நான் அடுப்படியில் வியர்த்துக்கொண்டிருக்க, மச்சினன் எங்கேயோ உட்கார்ந்து என் வேலையை வரி வரியாக எழுதி எடுத்திருக்கிறான். சரி, அவன் வியாபாரி, அவன் புத்தி அப்படி என்று வைத்துக்கொள்ளலாம். அதையும் முழுங்கியிருப்பேன்.

கடைசிக் குறிப்பு: "உப்பு தடவிய கோழியை வீட்டு ஃப்ரிட்ஜில் மூடாமல் வைக்கிறார். ஒரு ராத்திரி. தோல் காய்வதற்கு. துணியால் ஒத்தி எடுத்த பிறகு. அக்கா சொன்னது."

தோலைக் காயவைப்பது வெட்டுகிற அம்மாவுக்குக்கூடத் தெரியாது. சமையல்கூடத்து ஃப்ரிட்ஜில் மீன் வாடை, அதனால் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்றுதான் அவரிடம் சொல்லியிருக்கிறேன். வீட்டில் பார்ப்பது ஒரே ஒருத்தி.

அக்கா சொன்னது. இரண்டு வார்த்தை. அதையே எத்தனை தடவை படிப்பது.

ஜூன் 11, புதன்

கேட்டுவிட்டேன். காலையில், அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது. போனை முன்னால் நீட்டினேன். படித்தாள். மறுக்கவில்லை, அழவும் இல்லை. மடித்த சட்டையையே திரும்பப் பிரித்து மடித்தாள்.

தம்பி புதிதாகப் பெரிய சமையல்கூடம் போடுகிறானாம், மண்டபக்காரரோடு சேர்ந்து. மாமாவுக்கு முட்டி வலி, இனி நின்று வேலை செய்ய வேண்டாம், நாற்காலியில் உட்காரவைத்து மேற்பார்வை பார்க்க வைக்கிறேன் என்று அவளிடம் சொன்னானாம். எனக்கு ஆனந்த அதிர்ச்சியாக இருக்கட்டும், இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னானாம். அதனால்தான் அவன் கேட்டபோதெல்லாம் சொன்னாளாம்.

அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. ஏமாந்தவள்தானே, என்னைப் போல. ஆனால் அவள் முகம் இன்னும் தெளியவில்லை. அந்த நாற்காலியும் பொய், அது அவளுக்கும் தெரியும் என்று அந்த முகத்திலேயே தெரிந்தது.

"என்னைச் சேர்க்கலைன்னு உனக்கு எப்போ தெரியும்?"

மடித்த துணிகளை அடுக்க ஆரம்பித்தாள்.

"எப்போ தெரியும்னு கேட்டேன்."

"ரெண்டு மாசம் ஆச்சு" என்றாள். "சொன்னா நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்குவீங்க. எனக்கு இருக்கறது அவன் ஒருத்தன்தான்."

அப்போ நான் யாரு? கேக்கலாம்னு வாயத் தொறந்தேன். கேக்கல. கேட்டு என்ன பண்ண. ரெண்டு மாசம் எதிர்ல உக்காந்து சாப்பிட்டிருக்கா. நான் கோழிய ஃப்ரிட்ஜுல வெக்கும்போது தட்டை நகத்தி எடம் பண்ணிக் குடுத்திருக்கா. அது எப்படி முடிஞ்சுதுன்னுதான் எனக்குப் புரியல.

ஜூன் 13, வெள்ளி

மச்சினன் தானாகவே வந்தான். அக்கா போன் செய்திருப்பாள். அதற்கும் நேரம் இருந்திருக்கிறது.

இறக்கையைப் பிய்க்கவில்லை. கதவோரமே நின்றான். சத்தம் போட்டு, கையில் இருப்பதை வீசலாம் என்றெல்லாம் இரண்டு நாளாக ஒத்திகை பார்த்திருந்தேன். அவன் பேச ஆரம்பித்ததும் எதுவும் வரவில்லை. ரொம்பப் பொறுமையாக, ஆர்டர் பேசுகிற குரலில் பேசினான். மண்டபக்காரர் இளவயது ஆட்களாகக் கேட்கிறார், தன்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை, இந்தச் சமையல்கூடத்தை மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும், கட்டடக்காரரிடம் சொல்லியாயிற்று. எல்லாம் முடிந்த பிறகு எனக்குத் தகவல்.

"கேட்டிருந்தா நானே சொல்லிக் குடுத்திருப்பேனே, மாப்ள" என்றேன். உண்மையாகவே சொல்லிக் கொடுத்திருப்பேன். அதுதான் என்னை அறுக்கிறது.

"கேட்டா நீங்களும் வருவீங்களே மாமா" என்றான். அவனாக யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகு தரையைப் பார்த்தான். அப்புறம் போய்விட்டான்.

ஜூன் 14, சனி

மூன்று மாதமாக ஊசி கோழியில் குத்தியிருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 19, வியாழன்

வெட்டுகிற அம்மாவையும் அங்கே எடுத்துக்கொண்டார்கள். சொல்லக் கூச்சப்பட்டு, கத்தியைக் கூர் தீட்ட வந்தது போல வந்தார். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வயிறு இருக்கிறது எல்லாருக்கும். ஓவன் ஆள் உயரம் இருக்கிறதாம். ஊசி ஆறு வாங்கியிருக்கிறார்களாம், புத்தம் புதுசு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முதல் விருந்து. ஒரு கம்பெனி ஆட்கள், குடும்பத்தோடு, நானூறு பேர், குழந்தைகளே நூறு தேறும்.

கோழி எப்படி வருகிறது என்று சும்மா கேட்டேன். வெள்ளோட்டம் பார்த்தார்களாம். 65-ல் எடுத்து, நெஞ்சுக்கறியை மட்டும் அறுத்து மண்டபக்காரருக்குக் கொடுத்தார்களாம். பஞ்சு மாதிரி இருக்கிறது என்று பாராட்டினாராம்.

அந்த அம்மா போன பிறகுதான் மண்டையில் உறைத்தது. அவன் 65 என்று எழுதி வைத்திருக்கிறானே. அது என் கெட்டுப்போன ஊசியின் 65. புது ஊசியில் 65 என்றால் 65-தான். நெஞ்சுக்கறி எப்படியோ தப்பித்துக்கொள்ளும். தொடை? எலும்பு ஓரம் ரத்தம் இருக்கும். அதைக் குழந்தைகள் கையில் கொடுப்பார்கள்.

முதலில் என்ன தோன்றியது என்று எழுதுகிறேன், இது என் நோட்டு. முதலில் சந்தோஷம் வந்தது. நன்றாக அனுபவிக்கட்டும் என்று. ஒரு பத்து நிமிடம் அந்தச் சந்தோஷத்தில்தான் நின்றிருந்தேன்.

ஜூன் 20, வெள்ளி

போன் செய்தேன். நாலாவது தடவைதான் எடுத்தான். எல்லாவற்றையும் சொன்னேன். ஊசியை ஓவனில் வறுத்தது, ஐஸில் மைனஸ் ஒன்பது, வெட்கப்பட்டு மறைத்தது, கைப்பக்குவம் என்று அளந்தது. இத்தனை வயதில் மச்சினனிடம் இப்படிக் கூனிக் குறுகிப் பேசுவேன் என்று நினைக்கவில்லை.

அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். அப்புறம் மெல்லச் சிரித்தான். "மாமா, 74ல எடுத்தா கறி வறட்டியாப் போகும், எல்லாக் கடைலயும் அப்படித்தானே இருக்கு. முதல் விருந்துலயே என் பேரு கெடணும். அதுக்குத்தானே?"

நான் பொய் சொன்னபோது நம்பினான். இப்போது உண்மையைச் சொல்கிறேன், காதில் பூச்சுற்றுகிறேன் என்கிறான்.

திரும்பினால் மனைவி நிற்கிறாள். முழுவதும் கேட்டிருக்கிறாள்.

"ஊசி கெட்டதை எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"சொல்லியிருந்தா அதுவும் அங்க போயிருக்கும்."

சொல்லி முடித்ததும்தான் உறைத்தது. அதுவும் அங்கே போயிருந்தால் இந்த வம்பே இல்லை. அவளுக்கும் அது தோன்றியிருக்கும்.

ஜூன் 21, சனி

சொல்லியாயிற்று. அதற்கு மேல் நான் என்ன செய்ய? போய் வாசலில் நின்று கத்தினால் பொறாமை பிடித்த கிழவன் என்பார்கள். சொல்லியாயிற்று.

ஜூன் 22, ஞாயிறு

காலை ஒன்பதே முக்காலுக்கு என் போன் கூவியது. ஊசி இணைந்தது என்கிற சத்தம். என் ஊசி டப்பாவில் தூங்குகிறது. எடுத்துப் பார்த்தால் ஆறு புது வரி. ஒன்றிலிருந்து ஆறு வரை. ஒவ்வொன்றும் எட்டு, ஒன்பது டிகிரி. அப்போதுதான் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கோழி.

புது ஊசிகளையும் அவன் அதே கணக்கில்தான் சேர்த்திருக்கிறான். என்னை எடுத்துவிட மறந்துவிட்டான். அவன் என்னைப் பார்த்த அதே ஓட்டை வழியாக இப்போது நான் அவனைப் பார்க்கிறேன்.

சாப்பாட்டு மேஜையில் போனை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். மனைவி வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் கூப்பிடவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

நன்றாகத்தான் ஏற்றினான். முழுச் சூடு, பிறகு பாதி, என் கை அப்படியே. 31. 40. 52. எடுக்க வேண்டிய சூடு, ஆறிலும் 65. ஐம்பத்தெட்டு வரை சும்மா இருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. அந்த 65 மேல் விரலை வைத்தால் எண் உருளுகிறது. ஒவ்வொன்றாக 74-க்கு உருட்டினேன்.

இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. ஆறும் 65.

திரும்ப 74. திரும்ப 65. ஊரின் அந்தக் கோடியில் அவன், இந்தக் கோடியில் நான், நடுவில் நூறு கோழி. வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். மனைவி அவனுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. நாலாவது தடவை 65 வந்தபோது கோழி அறுபத்து இரண்டைத் தாண்டிவிட்டது.

படத்தைத் தள்ளிவிட்டுக் கீழே போனேன். அந்தக் குறிப்புப் பக்கம். ஒற்றை விரலால் தட்டினேன், எழுத்து எழுத்தாக. "தொடையை எலும்பு வரைக்கும் வெட்டிப் பார். எனக்காக இல்லை. குழந்தைங்க சாப்பிடறாங்க."

தட்டி முடித்துப் பதிவதும், ஆறு ஊசியின் மணியும் ஒன்றன் பின் ஒன்றாக அடிப்பதும் சரியாக இருந்தது. 65. ஓவன் சூடு காட்டும் எண் இருநூறிலிருந்து சடசடவென்று இறங்கியது. கதவைத் திறந்துவிட்டார்கள். தொண்ணூறு. எழுபது. வெளியே எடுத்துவிட்டார்கள். "எடுத்துட்டாங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

பதினொரு நிமிடம். அந்தப் பதினொரு நிமிடமும் ஓவன் சூடு காட்டும் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம் அது ஏறியது. தொண்ணூறு, நூற்று முப்பது, நூற்று எண்பது. கோழி திரும்ப உள்ளே போய்விட்டது. எடுக்க வேண்டிய சூடு மாறியது. ஒன்று, இரண்டு, மூன்று, ஆறு வரைக்கும் 74. இந்தத் தடவை நான் தொடவில்லை.

ஒரு வார்த்தை எழுதவில்லை அவன். போனும் செய்யவில்லை.

ஜூன் 23, திங்கள்

காலையில் ஆப்பைத் திறந்தேன். நான் இந்தக் கணக்கிலிருந்து நீக்கப்பட்டுவிட்டேனாம்.

சாயங்காலம் வெட்டுகிற அம்மா வந்தார். தொடையை வெட்டியதும் அவன் முகம் வெளுத்துவிட்டதாம். அரை மணி தாமதம். ஆனால் விருந்தில் ஒரு குறையும் இல்லையாம், தட்டில் எலும்பு மட்டும்தான் மிஞ்சியதாம். தொழில் எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று யாரோ கேட்டதற்கு, அனுபவம்தான் என்றானாம்.

நானூறு பேர் நன்றாக இருக்கிறார்கள். அதில் எனக்கு நிம்மதிதான். வயிறு எரிகிறது, அதுவும் உண்மைதான். மிச்சம் இருந்த ஒன்பது டிகிரியையும் என் கையாலேயே கொடுத்துவிட்டேன்.

ஜூலை 9, புதன்

சமையல்கூடம் காலி. ட்ரேக்களை யாருக்கோ கொடுத்துவிட்டேன். வீட்டில் சும்மா இருக்கிறேன். மனைவி வேளாவேளைக்குச் சாப்பாடு வைக்கிறாள், நான் சாப்பிடுகிறேன். தம்பி வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். நான் அப்படிச் சொல்லவில்லை. போகச் சொல்லவும் இல்லை.

ஜூலை 22, செவ்வாய்

மன்னிச்சுடுங்கன்னு சொன்னா இன்னிக்கு. வெங்காயம் அரியும்போது, என்னப் பாக்காம. சரி விடுன்னு சொன்னேன். சொல்றது சுலபமாத்தான் இருந்துச்சு.

ஆகஸ்ட் 7, வியாழன்

வேலை கிடைத்துவிட்டது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்ன உணவகம். ஒரே ஓவன், நாளுக்கு எட்டுக் கோழி. முதலாளியம்மா கண்டிப்பானவர், ஆனால் உட்கார ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்திருக்கிறார். வயர் இல்லாத தெர்மாமீட்டர் வாங்கி வைத்திருந்தார். எனக்கு அதெல்லாம் பழக்கம் உண்டா என்று கேட்டார். கொஞ்சம் உண்டு என்றேன். கணக்கை என் பெயரிலேயே திறக்கச் சொல்லி, டப்பாவை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்.

சாயங்காலம் மேஜையில் வைத்து இணைத்தேன். முதலில் ஐஸ் தண்ணீர். பூஜ்யம், சுத்தமாகப் பூஜ்யம். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சரியாகக் காட்டுகிறதா என்று கேட்டாள், காட்டுகிறது என்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு ஒன்றாக உட்கார்ந்து பேசினோம். புது இடத்து ஓவனைப் பற்றி, முதலாளியம்மாவின் கண்டிப்பைப் பற்றி. ஒரு தடவை சிரிக்கவும் செய்தாள்.

அப்புறம் பாஸ்வேர்டு கேட்டது. தட்ட ஆரம்பித்தேன். முதல் இரண்டு எழுத்து போட்ட பிறகுதான் கவனித்தேன், போனை அவள் கண்ணில் படாமல் என் பக்கமாகத் திருப்பிக்கொண்டிருக்கிறேன். வேண்டுமென்று செய்யவில்லை. அவளும் பார்த்துவிட்டாள். ஐஸ் உருகிய பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தண்ணீரைக் கொட்டும் சத்தம் கேட்டது. நான் மிச்ச எழுத்துகளையும் போட்டு முடித்தேன்.